வாசலில் குவியும் புளி: கூலியோடு லாபமும் பெறலாம்

மாசி, பங்குனியில் போச்சம்பள்ளி வட்டாரத்து வீட்டு வாசல்களில் புளி குவியும். பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு ஓடு தட்டி, நார் உரித்து, கொட்டை எடுக்கும் தாய்மார்களுக்குக் கிலோக் கணக்கில் கூலி கிடைக்கிறது. இருப்பு வைத்து விற்கும் லாபமோ வியாபாரிக்குப் போகிறது.

நாலைந்து பேர் சேர்ந்து ஒரு மூட்டை வாங்கிப் பாருங்கள். ஈரமும் காற்றும் பட்டால் புளி கருத்து விலை குறையும். வெயிலில் நன்கு காய்ந்த பழத்தையே உடையுங்கள். புளியின் டார்டாரிக் அமிலம் இரும்பை அரிக்கும். இரும்புப் பாத்திரம் வேண்டாம். கொட்டை நீக்கிய புளியைக் காற்றுப் புகாமல் அழுத்திக் கட்டி, குளிர்ந்த இடத்தில் வையுங்கள்.

கொட்டையை வீசாதீர்கள். அதன் பருப்பு மாவு நெசவில் பாவு நூலுக்குக் கஞ்சியாகிறது. அதற்கும் விலை உண்டு. பொட்டலமிட்டு விற்கும் முன் உணவுப் பாதுகாப்புப் பதிவு அவசியம்.