பல்நிற அடைப்பு ஏன் கழல்கிறது?

“டாக்டர், வெள்ளை சிமென்ட் வைத்து இரண்டு வருஷம்கூட ஆகவில்லை. சீடையைக் கடித்தேன், கையோடு வந்துவிட்டது.” மயிலாப்பூரிலிருந்து வந்த மூதாட்டி, கைக்குட்டையில் முடிந்துவைத்திருந்த துண்டை மேசைமீது வைத்தார். அது உடைந்திருக்கவில்லை, முழுதாகவே கழன்றிருந்தது. அடைப்புப் பொருள் வலுவாகத்தான் இருந்தது. பல்லுக்கும் அதற்கும் இடையிலிருந்த ஒட்டே தளர்ந்திருந்தது.

வெள்ளி அடைப்பு, குழியின் வடிவத்தைப் பற்றிக்கொண்டு நிற்கும். காம்போசிட் எனப்படும் பல்நிற அடைப்போ ஒட்டுதலையே நம்பியிருக்கிறது. பாஸ்பாரிக் அமிலத்தால் எனாமலின் மேற்பரப்பை நுண்ணிய அளவில் கரடுமுரடாக்கினால் பிசின் அதில் நன்கு பிடிக்கும் என்பதை 1955-இல் அமெரிக்காவின் மைக்கேல் புவோனோகோர் காட்டினார். எனாமல் பெரும்பாலும் தாதுப்பொருள். அதில் ஒட்டு உறுதியாக நிற்கும். அதன் அடியிலுள்ள டென்டின் அத்தகையதன்று. நீரும், நுண்குழாய்களும், கொலாஜன் என்னும் புரத இழைகளும் நிறைந்தது அது. பிசின் அந்த இழைகளுக்குள் ஊடுருவி, சில மைக்ரான் தடிமனில் ஒரு கலப்பு அடுக்கை உருவாக்குவதை 1982-இல் ஜப்பானின் நாகபயாஷி குழுவினர் விளக்கினர்.

அந்த மெல்லிய அடுக்குக்கு இரு பகைகள் உண்டு. ஒன்று நீர், அது பிசினை மெல்லச் சிதைக்கிறது. மற்றொன்று டென்டினிலேயே உள்ள நொதிகள். பிசின் மூடாமல் விட்ட கொலாஜன் இழைகளை அவை காலப்போக்கில் அரிக்கின்றன. ஆகவே, அந்நொதிகளை அடக்கும் குளோர்ஹெக்சிடின் கரைசலைச் சில மருத்துவர்கள் பூசுகின்றனர். பல்லின் கால்சியத்தோடு வேதிப்பிணைப்புக் கொள்ளும் எம்.டி.பி. என்னும் மூலப்பொருள் கொண்ட பசைகளும் இன்று பயன்பாட்டில் உள்ளன. அடைப்புப் பொருள் ஒளிபட்டு இறுகுகையில் சற்றே சுருங்குவதால், அதைப் பொதுவாக 2 மில்லிமீட்டர் அடுக்குகளாக வைக்கிறோம்.

இவை அனைத்தையும் எச்சிலோ இரத்தமோ ஒரு நொடியில் வீணாக்கிவிடும். முதுநிலை மாணவனாக இருந்தபோது, காத்திருந்த கூட்டத்தைக் கண்டு அவசரப்பட்டு, ஈறு கசிந்துகொண்டிருந்த பல்லில் அடைத்தேன். சில மாதங்களில் அந்நோயாளி வலியோடு திரும்பி வந்தார். ரப்பர் டேம் என்னும் மெல்லிய விரிப்பைப் பல்லைச் சுற்றிப் பொருத்துவது உங்களுக்குச் சிறிது அசௌகரியமாக இருக்கலாம். பல்லை உலர்வாக வைத்திருக்கவே அதைச் செய்கிறோம்.

நோயாளிகள் கவனிக்க வேண்டியவை சில:

• பல்வலிக்குக் கிராம்புத் தைலம் வைத்திருந்தால் முன்னரே சொல்லுங்கள். அதிலுள்ள யூஜெனால், பிசின் இறுகுவதைத் தடுக்கக்கூடும்.

• பற்களை வெண்மையாக்கும் சிகிச்சை செய்துகொண்டிருந்தால், பொதுவாக இரண்டு வாரங்கள் கழித்தே அடைப்பது நல்லது.

• உறக்கத்தில் பல்லைக் கடிக்கும் பழக்கம் இருந்தால் தெரிவியுங்கள்.

• அடைப்பின் ஓரத்தில் உணவு சிக்கினாலோ, கடிக்கையில் வலித்தாலோ, அது கழலும்வரை காத்திராதீர்கள். இடைவெளியில் சொத்தை மீண்டும் தொடங்கும்.

அம்மூதாட்டியின் குழி ஈறின் விளிம்பை ஒட்டியிருந்தது, ஈறும் வீங்கியிருந்தது. அன்று தற்காலிக அடைப்பு மட்டும் வைத்து, ஈறுக்குச் சிகிச்சை அளித்து, ஒரு வாரம் கழித்து வரச்சொன்னேன். “இன்னொரு தடவை அலையணுமா?” என்று அவர் சலித்துக்கொண்டார். ஆயினும் வந்தார். அன்று ஈறில் கசிவு இல்லை. பல்லை உலர்த்தி அடைக்க முடிந்தது.

உங்கள் மருத்துவரும் “இன்று வேண்டாம், அடுத்த வாரம் வாருங்கள்” என்று சொல்லக்கூடும். அந்தக் காத்திருப்பு அடைப்பின் ஆயுளைக் கூட்டுவதற்காகவே.