டிரான்ஸ்பார்மருக்கு 'மூளை' வந்தால்..!

ஆரணி: ராத்திரி கரண்ட் போச்சுன்னா பட்டுத்தறியில் கலர் பார்த்து இழை சேர்க்க முடியாது. தெருமுனை டிரான்ஸ்பார்மருக்கோ தெரிந்தது ஒரே வேலை: 11 ஆயிரம் வோல்ட்டைக் குறைத்துக் கொடுப்பது. மேலே வோல்டேஜ் இறங்கினால் வீட்டிலும் இறங்கும்.

'சாலிட் ஸ்டேட்' டிரான்ஸ்பார்மர் வேற ரகம். நொடிக்கு 50 சுற்று சுற்றும் கரண்ட்டை, இதிலுள்ள எலக்ட்ரானிக் சுவிட்சுகள் ஆயிரக்கணக்கான சுற்றாக்கும். அதனால் உள்ளே இருக்கும் கனத்த இரும்பு சின்னதாகிவிடும். வோல்டேஜையும் சீராக்கும். மாடி சோலார், பேட்டரியை இதிலேயே இணைத்தால், ஊர் லைன் போனாலும் அந்தத் தெருவுக்கு மட்டும் விளக்கு எரியும். இதுதான் 'மைக்ரோகிரிட்'.

விலைதான் இடிக்குது! பழசு பல வருஷம் சும்மா நின்றே உழைக்கும். இதில் பழுதாகும் பாகங்கள் அதிகம்.

தனி வீட்டுக்கு, சென்னை ஐ.ஐ.டி. உருவாக்கிய 48 வோல்ட் டி.சி. சோலார் முறை இருக்கிறது. இன்வெர்ட்டர் தேவையில்லை. ராஜஸ்தான் பாலைவனக் கிராமங்களில் ஏற்கனவே பொருத்தியிருக்கிறார்கள்.