தபுதார நிலையும் தோட்டத்து அடுப்பும்

மனைவியை இழந்த கணவனது நிலையைத் தபுதார நிலை என்றும், கணவனை இழந்த மனைவியது நிலையைத் தாபத நிலை என்றும் தொல்காப்பியர் காஞ்சித் திணையுள் வேறு வேறாகப் பெயரிட்டு வைத்தார். தாபத நிலைக்குப் புறநானூற்றின் 248, 249, 250 ஆம் பாட்டுகள் சான்றாகும். ஆம்பலின் அல்லியரிசியை உண்டு நாட்கழிக்கும் பெண்ணையும், இறந்த கணவனுக்குப் படைத்தற்பொருட்டுச் சுளகளவான இடத்தைக் கண்ணீரே நீராக மெழுகும் பெண்ணையும் ஆங்குக் காண்கின்றோம். மனைவியை இழந்த ஆடவனின் கூற்று 245 ஆம் பாட்டில் உள்ளது. சேரமான் கோட்டம்பலத்துத் துஞ்சிய மாக்கோதை, தன் தேவி ஈமத்தீயிற் கிடப்பத் தான் இன்னும் உயிரோடிருத்தலை எண்ணி நைகின்றான். அத்துயரம் மெய்யானது. ஆயினும் அன்றிரவு அவனுக்குச் சோறு சமைத்தவர் யாவர் என்னும் வினா அப்பாட்டில் எழவில்லை. அரசனாதலின் எழ வேண்டியதுமில்லை.

ஊவாவின் தேயிலைத் தோட்டங்களில் அவ்வினாவே முதலில் எழுகின்றது. கருமாதி முடிந்து உறவினர் கலைந்த மறுநாட் காலையில் லயத்து அறையின் அடுப்பை மூட்டுவார் யார்? பெண் விடியுமுன் எழுந்து, தண்ணீர் சுமந்து, ரொட்டி சுட்டு, கைக்குழந்தையைப் பிள்ளைக்காம்பராவில் விட்டுப் பெரட்டுக்குச் செல்கின்றாள். மலையில் நின்று கொழுந்தெடுத்து, மடுவத்தில் நிறுத்து, மாலையில் விறகுடன் திரும்பி மீண்டும் அடுப்படிக்கே செல்கின்றாள். கவ்வாத்து முதலிய ஆண்களின் வேலையோ பெரும்பாலும் பகலிலேயே முடிந்துவிடும். ஆகவே மனைவியை இழந்தவனுக்கு இல்லாதது பொழுதன்று, பழக்கமே. ஆசிரியர்களாகிய நாம் இதனை ஊன்றி நோக்குதல் வேண்டும். ஏனெனில், தாயோ தமக்கையோ உடனில்லாத வீட்டில் அப்பழக்கமின்மையின் விலையைச் செலுத்துபவள் மூத்த மகள். முதலில் திங்கட்கிழமைகளில் அவள் வரவு குறைகின்றது. பின்னர் தம்பியின் காய்ச்சலுக்காக ஒரு கிழமை. அதன்பின் இடாப்பில் அவள் பெயருக்கு நேரே வெற்றிடமே எஞ்சுகின்றது. பன்னிரண்டு வயதுச் சிறுமியை ‘வீட்டுக்கு விளக்கு’ எனப் புகழ்ந்து அடுப்படியில் இருத்துவது எளிது. நாற்பது வயதுத் தந்தை சோறு வடிக்கக் கற்பது அதனினும் எளிதென்பதே என் துணிபு.

கற்க வேண்டுவன மிகப் பலவல்ல. அரிசியின் மேல் ஒரு விரற்கணு உயர நீர் நிற்பின் பெரும்பாலும் பொங்கிய சோறு பதமாகும். பருப்பு வேகவில்லையென ஆடவர் பலர் மனஞ்சோர்வதற்கு இயற்கைக் காரணமும் உண்டு. கடல்மட்டத்தில் நீர் 100 பாகையில் கொதிக்கும். மேலே செல்லச் செல்ல ஏறத்தாழ 300 மீற்றருக்கு ஒரு பாகை குறையும். அப்புத்தளை 1,400 மீற்றருக்கும் மேற்பட்ட உயரத்தில் இருத்தலின் அங்கு 95 பாகை அளவிலேயே நீர் கொதித்துவிடுகின்றது. எவ்வளவு தீ எரித்தாலும் சூடு அதற்குமேல் ஏறாது, விறகே வீணாகும். பயறு, கடலை முதலியவற்றை இரவே ஊறவைத்தலும், பானையை மூடி வைத்தலுமே வழி. கவ்வாத்து மிலாற்றை வெயிலிற் காயவைத்து அடுக்கிய பின்னரே எரித்தல் வேண்டும். ஈரமிலாறு தருவது புகையே. துணி துவைத்தலையும் மூடுபனி இறங்காத முற்பகலில் முடித்தல் நன்று. அண்டை வீட்டுப் பெண்ணிடம் கேட்டுக் கற்பதில் இழுக்கொன்றுமில்லை. லயத்தில் ஒருவர் அடுப்பு மற்றவர்க்கு மறைவானதன்று. சிரிப்பவர் இரண்டு நாள் சிரிப்பர்.

கணவனை இழந்தவளுக்கு வேண்டும் கல்வி வேறு. அடுப்பு அவள் அறிந்ததே. கடைக்கணக்கும் அலுவலகப் படிவமுமே புதியன. தோட்டப் பெண்களுக்கு ஆண்களோடொத்த சம்பளம் 1984 இலேதான் கிடைத்தது; அவள் உழைத்த பணத்தையும் கணவனே சென்று பெறும் வழக்கம் நெடுங்காலம் நிலவிற்று. 1958 ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஏற்பட்ட ஊழியர் சேமலாப நிதியில் இறந்தவன் கணக்கிலுள்ள தொகையைப் பெற மரணச் சான்றிதழும் உறவை நிறுவும் பத்திரங்களும் வேண்டும். திருமணம் கோவிலோடு நின்று பதிவு பெறாதிருப்பினும், பெயர் ஒரு தாளில் ஒருவாறும் மற்றொன்றில் வேறொருவாறும் எழுதப்பட்டிருப்பினும் அலைச்சல் மிகும்.

2014 ஒக்டோபர் 29 ஆம் நாட் காலை கொஸ்லாந்தையை அடுத்த மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்கள் புதைந்தபோது, வேலைக்கும் பாடசாலைக்கும் சென்றிருந்தோர் பலர் உயிர் தப்பினர். துணையை இழந்தோர்க்கு அடுப்பு, பாத்திரம், பத்திரம் யாவும் ஒருங்கே மண்ணுள் மறைந்தன. இத்தகைய பத்திரங்களின் படிகளைப் பிரதேச செயலகத்தில் பெறலாம். பதிவிலக்கத்தையும் தேதியையும் தனித்தாளில் எழுதி வேறிடத்தில், உறவினர் வீட்டிலேனும், வைத்திருப்போர்க்குத் தேடல் விரைவில் முடியும்.