"மாத்திரை ஒழுங்கா போடறாங்களா?" மட்டும் போதாது... மனநல டாக்டர்களுக்கு ஏன் புதுப் பயிற்சி? 'மீட்சி சார்ந்த சிகிச்சை' என்றால் என்ன?

ஒரு மனநலப் பிரிவு ஓ.பி. அறையைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். டாக்டருக்கு எதிரே 28 வயதுப் பெண். பக்கத்தில் அவருடைய அம்மா. "தூங்குறாங்களா? சாப்பிடறாங்களா? மாத்திரை ஒழுங்கா போடறாங்களா?" டாக்டரின் மூன்று கேள்வியும் அம்மாவிடம்தான். "மாத்திரையைத்தான் சார் போட மாட்டேங்கிறா" என்கிறார் அம்மா. டோஸ் கூடுகிறது. அடுத்த தேதி எழுதியாச்சு. அடுத்த டோக்கன்.

அந்தப் பெண்ணிடமே ஒரு வார்த்தை கேட்டிருந்தால் விஷயம் தெரிந்திருக்கும். மாத்திரை போட்டால் காலையில் அவரால் எழுந்திருக்க முடிவதில்லை. ஜவுளிக்கடை பில்லிங் வேலை அதனால்தான் போனது. வேலையைத் திரும்பப் பிடிக்கத்தான் மாத்திரையை நிறுத்தியிருக்கிறார்.

இந்த இடத்தில் டாக்டர் என்ன கேட்க வேண்டும், யாரிடம் கேட்க வேண்டும் என்பதைச் சொல்லித்தருவதுதான் 'மீட்சி சார்ந்த சிகிச்சை'க்கான பயிற்சி.

அது என்ன மீட்சி?

வழக்கமாக ஒருவர் 'குணமாகிட்டார்' என்றால் அறிகுறிகள் குறைந்துவிட்டன என்று அர்த்தம். காதில் குரல் கேட்பது நின்றது, தூக்கம் வந்தது, சத்தம் போடுவதில்லை. அவ்வளவுதான். அவர் வேலைக்குப் போகிறாரா, அவருக்கு நண்பர்கள் இருக்கிறார்களா, கையில் பத்து ரூபாயாவது சொந்தமாக இருக்கிறதா என்பதெல்லாம் கேஸ் ஷீட்டில் வராது.

மீட்சி என்ற பார்வை இதைத்தான் கேட்கிறது. அறிகுறி முழுசாகப் போகாவிட்டாலும் ஒருவர் தனக்குப் பிடித்த வாழ்க்கையை வாழ முடியும், அதற்குத் துணை நிற்பதுதான் சிகிச்சை என்கிறது. இந்தக் கருத்தை முதலில் உரக்கச் சொன்னவர்களில் முக்கியமானவர்கள் நோயை அனுபவித்தவர்களே. அமெரிக்காவைச் சேர்ந்த பாட்ரிஷியா டீகன் அப்படி ஒருவர். பதின்வயதில் மனச்சிதைவு நோய் என்று சொல்லப்பட்ட அவர், பிறகு உளவியல் படித்து முனைவர் பட்டம் வாங்கி, இந்தத் துறைக்கே பாடம் எடுத்தார்.

2011-ல் பிரிட்டன் ஆய்வாளர்கள், மீட்சி பற்றி அதுவரை வெளிவந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். திரும்பத் திரும்ப வந்தவை ஐந்து விஷயங்கள்: மனிதர்களோடு தொடர்பு, எதிர்காலத்தின் மேல் நம்பிக்கை, 'நோயாளி' என்பதைத் தாண்டிய அடையாளம், வாழ்க்கைக்கு ஓர் அர்த்தம், தன் முடிவைத் தானே எடுக்கும் உரிமை. கவனித்தீர்களா, மாத்திரை இந்தப் பட்டியலில் தனியாக இல்லை. மாத்திரை வேண்டாம் என்று இதற்கு அர்த்தமல்ல. இந்த ஐந்துக்கும் அது உதவுகிறதா என்பதுதான் கேள்வி.

தமிழ் படித்தவள் என்பதால் ஒரு சின்ன இடைச்செருகல். இதைப் பலர் 'மீட்பு' என்று மொழிபெயர்க்கிறார்கள். மீட்பு பிறவினை. கிணற்றில் விழுந்தவரைத் தீயணைப்புத் துறை மீட்கும், விழுந்தவர் செய்ய ஒன்றுமில்லை. மீள்வது தன்வினை. நோயிலிருந்து மீள்பவர் அந்த நபர்தான், டாக்டர் கூட நடக்கிறார். அதனால்தான் இந்தக் கட்டுரையில் மீட்சி என்றே எழுதுகிறேன்.

பயிற்சியில் என்ன சொல்லித்தருகிறார்கள்?

முதலில் மொழி. 'ஒத்துழைக்க மறுக்கிறார்', 'தனக்கு நோய் இருப்பதே புரியவில்லை' என்று கேஸ் ஷீட்டில் எழுதும் பழக்கம் பல இடங்களில் உண்டு. அதை எழுதியவுடன் பேச்சு முடிந்துவிடுகிறது. அதற்குப் பதில் 'காலை மயக்கம் காரணமாக மாத்திரையை நிறுத்தியுள்ளார், வேலைக்குத் திரும்ப விரும்புகிறார்' என்று எழுதினால், அடுத்து என்ன செய்வது என்ற வழி அந்த வரியிலேயே இருக்கிறது. மாத்திரையின் நேரத்தை மாற்றலாமா, அளவைக் குறைக்கலாமா, வேறு மருந்து பார்க்கலாமா என்று இரண்டு பேரும் சேர்ந்து பேசலாம். (மொழி விஷயத்தில் டிவிக்காரர்கள் நாங்களும் சுத்தம் இல்லை. 'மனநோயாளி வெறிச்செயல்' என்று பிரேக்கிங் போடும்போது அந்த மனிதருக்கு வேறு அடையாளமே இல்லாமல் ஆக்கிவிடுகிறோம்.)

அடுத்து, கேட்பதற்கான பயிற்சி. டாக்டரோ நர்ஸோ நோயாளியின் நாற்காலியில் உட்கார்ந்து நடித்துப் பார்க்க வேண்டும். தன் கண் முன்னாலேயே தன்னைப் பற்றி மூன்றாம் நபரிடம் பேசினால் எப்படி இருக்கும்? வீட்டில் சாம்பாரில் மாத்திரையைக் கரைத்துக் கொடுத்தது தெரிந்தால், அப்புறம் எந்தச் சாப்பாட்டை நம்புவது?

மூன்றாவதுதான் பலருக்குக் கஷ்டம். பாடம் எடுப்பவரே நோயை அனுபவித்தவராக இருப்பார். நேற்றுவரை கேஸாகப் பார்த்த ஒருவரின் முன்னால் நோட்டுப் புத்தகத்தோடு உட்கார வேண்டும். எனக்கு இந்தப் பயிற்சியிலேயே முக்கியமான பகுதி இதுதான் என்று தோன்றுகிறது. மற்றதெல்லாம் புத்தகத்தில் படித்துவிடலாம்.

அமெரிக்க அரசு 2009-ல் இதற்கென ஒரு திட்டம் தொடங்கியபோது, மனநல மருத்துவர், நர்ஸ், உளவியலாளர், சமூகப் பணியாளர் என்று ஒவ்வொரு தொழிலுக்கும் தனித்தனிப் பாடத்திட்டம் தயாரித்தார்கள். அனுபவத்தின் வழியே மற்றவர்களுக்கு உதவும் 'சக ஆதரவாளர்'களுக்கும் தனிப் பாடம் இருந்தது.

"கேட்க நல்லாருக்கு, நேரம் எங்கே?"

நியாயமான கேள்வி. 2015-16 தேசிய மனநல ஆய்வின்படி, நோயைப் பொறுத்து 70 முதல் 92 சதவீதம் பேர் வரை சிகிச்சையே கிடைக்காமல் இருந்தார்கள். வெளியே வரிசை நிற்கும்போது ஒருவருக்கு அரை மணி நேரம் எப்படி ஒதுக்குவது?

அதனால்தான் பயிற்சி டாக்டரோடு நிற்கக் கூடாது. சென்னையில் 1993-ல் தொடங்கிய 'தி பேனியன்' அமைப்பின் 'ஹோம் அகெய்ன்' திட்டம் நல்ல உதாரணம். 2015-ல் தொடங்கிய இதில், மருத்துவமனையில் வருஷக்கணக்கில் தங்கிப்போனவர்கள் நாலைந்து பேராகச் சேர்ந்து சாதாரணத் தெருவில் வாடகை வீட்டில் வாழ்கிறார்கள். துணைக்கு உதவிப் பணியாளர்கள் இருக்கிறார்கள். அதற்கு மருத்துவப் பட்டம் தேவையில்லை. உலக சுகாதார நிறுவனம் 2021-ல் வெளியிட்ட வழிகாட்டியில் இதை நல்ல முன்மாதிரிகளில் ஒன்றாகச் சேர்த்தது.

பயிற்சி கொடுத்தால் மாறுமா?

குஜராத்தில் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் 'குவாலிட்டி ரைட்ஸ்' திட்டம் அங்கே ஆறு அரசு மனநல சேவை மையங்களில் நடந்தது. ஒப்பிட்டுப் பார்க்க, திட்டம் நடக்காத மூன்று மையங்களையும் எடுத்துக்கொண்டார்கள். 2019-ல் வெளியான முடிவு: ஒரு வருஷத்தில் சேவையின் தரம் கூடியது. நோயாளிகளைப் பார்க்கும் ஊழியர்களின் மனப்பான்மை நன்றாகவே மாறியது. 'என் பேச்சுக்கும் மதிப்பு இருக்கு' என்ற உணர்வு நோயாளிகளிடமும் கூடியது.

ஆனால் ஊழியர்களிடம் வந்த மாற்றத்தோடு ஒப்பிட்டால், நோயாளிகள் உணர்ந்த மாற்றம் சிறியது. இதை மறைக்கத் தேவையில்லை. நர்ஸ் அன்பாகப் பேசலாம். ஆனால் வெளியே வந்தவருக்கு வேலை கொடுக்க ஆள் இல்லை, வாடகைக்கு வீடு இல்லை என்றால் வகுப்பறைப் பயிற்சியால் அதைச் சரிசெய்ய முடியாது.

சட்டம் என்ன சொல்கிறது?

2001 ஆகஸ்ட் 6. ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் தனியார் மனநல இல்லம் ஒன்று தீப்பிடித்ததில் 28 பேர் இறந்தார்கள். சங்கிலியால் கட்டப்பட்டிருந்ததால் அவர்களால் ஓட முடியவில்லை. இன்றைய மனநல பராமரிப்புச் சட்டம், 2017 யாரையும் எந்த வகையிலும் சங்கிலியால் கட்டக் கூடாது என்கிறது. சமூகத்தில் மற்றவர்களோடு வாழும் உரிமையைப் பிரிவு 19 தருகிறது.

அரசு மருத்துவமனைகளிலும் சிறைகளிலும் உள்ள எல்லா மருத்துவ அலுவலர்களுக்கும் அடிப்படை மற்றும் அவசர மனநல சிகிச்சையில் பயிற்சி தர வேண்டும் என்கிறது பிரிவு 31. சட்டம் நடைமுறைக்கு வந்த பத்து ஆண்டுகளுக்குள் போதுமான நிபுணர்களும் இருக்க வேண்டும். நடைமுறைக்கு வந்தது 2018. கணக்கு நீங்களே போட்டுக்கொள்ளலாம்.

நீங்கள் என்ன கேட்கலாம்?

டாக்டர் உங்கள் அம்மாவிடமோ கணவரிடமோ பேசினால், "என்கிட்டயும் கேளுங்க டாக்டர்" என்று சொல்லலாம். மருந்தின் பக்கவிளைவு என்ன, வேறு வழி உண்டா என்று கேட்பது உங்கள் உரிமை. 18 வயது நிரம்பிய யாரும், சுயமாக முடிவெடுக்க முடியாத நிலை வந்தால் தனக்கு எந்தச் சிகிச்சை வேண்டும், எது வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதி வைக்கலாம். தன் சார்பில் பேச ஒருவரை நியமிக்கலாம். ஒரே விஷயம், அவசர சிகிச்சைக்கு இந்த முன் ஆவணம் பொருந்தாது.

கூடவே போகும் குடும்பத்தினர் கொஞ்ச நேரம் அறைக்கு வெளியே உட்காரலாமே.

உடனடியாகப் பேச ஆள் வேண்டும் என்றால், மத்திய அரசின் 'டெலி மானஸ்' இலவச உதவி எண் 14416. 24 மணி நேரமும் அழைக்கலாம், தமிழிலும் பேசலாம்.