உறவைச் சொல்லி எழுதுதல்

பெ. தூரன் தலைமைப் பதிப்பாசிரியராக இருந்து, தமிழ் வளர்ச்சிக் கழகத்தின் சார்பில் 1954ஆம் ஆண்டு முதல் தொகுதி தொகுதியாக வெளிவந்த கலைக்களஞ்சியத்தைப் பிரித்துப் படித்தவர்களுக்கு, கட்டுரையை எழுதியவர் அத்துறை கற்ற ஓர் அறிஞர் என்பதும், அதைச் சீர்தூக்கிப் பார்க்கப் பொறுப்புள்ள ஒரு பதிப்புக் குழு இருந்தது என்பதும் போதிய உத்தரவாதமாக இருந்தன. 2001 ஜனவரியில் தோன்றிய விக்கிப்பீடியாவிலோ அத்தகைய வாயிற்காவல் கிடையாது. ஊதியம் பெறாமல் உழைக்கும் எவரும், மெய்ப்பெயரைக்கூடச் சொல்லாமல், புனைபெயரின் மறைவிலிருந்து ஒரு கட்டுரையைத் தொடங்கலாம், திருத்தலாம், அதிலிருந்து ஒரு பத்தியை எடுத்தும் விடலாம். ஆகவே, எழுதுகிறவர் எவ்வளவு கற்றவர் என்பதைக் காட்டிலும், எழுதப்படும் பொருளோடு அவருக்கு என்ன சம்பந்தம் என்ற கேள்வியே அங்கு முதன்மை பெறுகிறது. தம்மையோ, தம் குடும்பத்தாரையோ, தமக்குச் சம்பளம் கொடுக்கும் ஸ்தாபனத்தையோ பற்றி ஒருவர் எழுத முற்படும்போது நேரும் இந்தச் சிக்கலை நலமுரண் என்கிறார்கள்.

நலமுரண் உடையவர் பொய் எழுதுவார் என்று கருதுவது அநியாயம். தம் நிறுவனத்தைப் பற்றி எழுதும் ஊழியர், அது பெற்ற விருதுகளை வரிசையாகச் சொல்லி, அதன்மேல் நடந்த வழக்குகளை விட்டுவிடுவாரானால், எழுதிய ஒவ்வொரு வாக்கியமும் உண்மையாகவே இருக்கும். கட்டுரை மட்டும் பட்சபாதமுடையதாகிவிடும். அதையும் அவர் வேண்டுமென்றே செய்கிறார் என்பதில்லை. நாள்தோறும் பழகிய இடத்தின் குறை கண்ணில் படாமற்போவது மனித சுபாவம். வாதி தம் மைத்துனர் என்று அறிந்த நீதிபதி, தம்மால் நியாயமாகவே தீர்ப்பளிக்க முடியும் என்று நம்பினாலும், அவ்வழக்கை வேறொருவரிடம் விட்டுவிடுவதன் காரணமும் இதுவே.

விக்கிப்பீடியா வகுத்துள்ள முறையும் ஏறக்குறைய இதுதான். பணம் பெற்று எழுதுகிறவர், தம்மை அமர்த்தியவர் யார், யாருக்காக எழுதுகிறார், வேறு என்ன தொடர்பு உண்டு என்பவற்றைத் தம் பயனர் பக்கத்திலோ, கட்டுரையைப் பற்றி விவாதிப்பதற்கான பேச்சுப் பக்கத்திலோ, திருத்தத்துடன் இடும் தொகுப்புச் சுருக்கத்திலோ தெரிவித்தாக வேண்டும் என்று விக்கிப்பீடியாவை நடத்தும் விக்கிமீடியா அறக்கட்டளை 2014 ஜூனில் தன் பயன்பாட்டு விதிகளில் சேர்த்தது. பணம் பெறாவிடினும் நெருங்கிய சம்பந்தம் உள்ளவர் அதைச் சொல்லிவிட்டு, கட்டுரையில் தாமே கைவைக்காமல், வேண்டிய திருத்தத்தை உரிய ஆதாரத்துடன் பேச்சுப் பக்கத்தில் முன்வைக்க வேண்டும், சம்பந்தமற்ற வேறொருவர் பரிசீலித்து அதைச் சேர்க்கவோ தள்ளவோ செய்யட்டும் என்பது ஆங்கில விக்கிப்பீடியாவின் வழிகாட்டுதல். இங்கே கேட்கப்படுவது உறவேயன்றிப் பெயரன்று என்பதைக் கவனிக்க வேண்டும்; ஒருவர் மறைத்திருக்கும் மெய்ப்பெயரை மற்றொருவர் அம்பலப்படுத்துவது அங்கே பெருங்குற்றம்.

இவ்விதி பெரியவர்களையும் விட்டுவைப்பதில்லை. விக்கிப்பீடியாவை நிறுவிய ஜிம்மி வேல்ஸ், தம் வாழ்க்கைக் குறிப்பைத் தாமே பலமுறை திருத்தியதும், லாரி சாங்கரை இணை நிறுவனர் என்று சொல்லும் பகுதிகளை மாற்றியதும் 2005 டிசம்பரில் வெளியாயின. ஒவ்வொரு திருத்தத்தையும் காத்துவைக்கும் வரலாற்றுப் பக்கமே சாட்சியாக நின்றதால், அவர் தம் செயலுக்கு வருத்தம் தெரிவிக்க நேர்ந்தது.

ஆயினும் இம்முறையில் ஒரு சங்கடம் உண்டு. ஆஸ்திரேலியாவில் இருந்த ரிக் ஜெலிஃப் என்னும் கணினித் தர வல்லுநர், ஓப்பன் எக்ஸ்.எம்.எல். என்ற ஆவண வடிவத்தைப் பற்றிய கட்டுரைகளிலுள்ள பிழைகளைத் திருத்தினால் பணம் தருவதாக மைக்ரோசாப்ட் தம்மை அணுகியிருப்பதை 2007 ஜனவரியில் தாமாகவே பகிரங்கப்படுத்தினார். உலகப் பத்திரிகைகளில் பெரும் சர்ச்சை மூண்டது. மாறாக, கூலிக்குக் கட்டுரை எழுதித் தந்த விக்கி-பிஆர் என்ற அமெரிக்க நிறுவனம் எதையும் தெரிவிக்காமல் பல கணக்குகளின் பெயரில் தொழில் நடத்திவந்தது. அதனுடன் தொடர்புடையவை என்று சந்தேகிக்கப்பட்ட 250க்கும் மேற்பட்ட கணக்குகள் முடக்கப்பட்டதை 2013 அக்டோபரில்தான் உலகம் அறிந்தது. சொன்னவருக்கு உடனே கண்டனமும், சொல்லாதவருக்கு நெடுநாள் நிம்மதியும் வாய்க்குமானால், அடுத்து வருகிறவர் எந்த வழியை மேற்கொள்வார் என்று சொல்லத் தேவையில்லை.

எனவே, உறவைத் தெரிவிப்பது எழுதுகிறவரின் கடமையாவது போலவே, தெரிவித்தவரைக் குற்றவாளியாகப் பார்க்காமல், அவர் தந்த ஆதாரத்தை மட்டும் பரிசோதிப்பது மற்றவர்களின் கடமையாகிறது. அவர் சொன்னது உண்மையானால், சொன்னவர் யாராயினும் அதைக் கட்டுரையில் ஏற்றவும், உண்மையல்லவெனில் காரணம் காட்டி மறுக்கவும் சகாக்கள் ஆயத்தமாக இருந்தால், நேர்மையாளருக்கு மறைந்து எழுத வேண்டிய அவசியமே எழாது. மறைந்து எழுதுகிறவரின் நோக்கமும் அப்போது எளிதில் புலப்பட்டுவிடும்.