தாயின் தட்டும் பிள்ளையின் நலமும்

காவிரி பாயும் நம் தஞ்சைத் தரணியில் அன்பைச் சோற்றால் அளப்பதே வழக்கம். கருவுற்ற பெண்ணைக் கண்டால், "இரண்டு உயிருக்குச் சேர்த்துச் சாப்பிடு அம்மா" என்று மாமியார் இன்னுமொரு கரண்டி இடுவார். வளைகாப்பு அன்று சித்திரான்னங்களும் சர்க்கரைப் பொங்கலும் இலையில் குவியும். இவ்வன்பைக் குறைகூற நமக்கு மனம் வராது. ஆயினும் மருத்துவமனையில் "இரத்தத்தில் சர்க்கரை கூடியிருக்கிறது" என்று சொல்லிவிட்டால் அதே வீட்டில் பேச்சு மாறிவிடுகிறது. "இனிப்பை அள்ளித் தின்றதால் வந்தது" என்று பழி எழுகிறது. பெண்ணோ பிள்ளைக்கு என்ன ஆகுமோ என அஞ்சி, உணவையே வெறுத்துப் பட்டினி கிடக்கிறாள். பழியும் வேண்டாம், பட்டினியும் வேண்டாம் என்பதே நாம் இங்குச் சொல்ல விழைவது.

கருவுற்ற காலத்தில் நஞ்சுக்கொடியில் சுரக்கும் ஹார்மோன்கள் இன்சுலினின் வேலையைத் தடுக்கின்றன. தாயின் கணையம் கூடுதலாக இன்சுலின் சுரந்து இதை ஈடுசெய்ய வேண்டும். அது இயலாதபோது சர்க்கரை உயர்கிறது. குடும்பத்தில் நீரிழிவு இருத்தல், உடல் எடை, வயது ஆகியவற்றுக்கும் இதில் பங்குண்டு. ஆகவே இது ஒரு பெண்ணின் நாவடக்கக் குறைவால் மட்டும் வந்ததெனத் தீர்ப்பிடுவது அநீதி.

தாயின் இரத்தத்திலுள்ள சர்க்கரை பிள்ளையைச் சென்றடையும். அவளது இன்சுலின் சென்றடையாது. வந்து சேரும் மிகுதியைச் சமாளிக்கப் பிள்ளையின் கணையமே மிகுதியாக இன்சுலின் சுரக்க, பிள்ளை அளவுக்கு மீறிப் பருக்கிறது. பேறுகாலம் கடினமாகிறது. பிறந்தபின் குழந்தையின் சர்க்கரை திடீரெனத் தாழ்ந்துபோவதும் உண்டு. மருத்துவர் இன்சுலின் ஊசி எழுதித் தந்தால், "ஊசி பிள்ளைக்குக் கேடு" என்று தடுப்போர் இதை எண்ணிப் பார்ப்பார்களாக. கேடு செய்வது ஊசியன்று, கட்டுப்படாத சர்க்கரையே.

இதனைக் காலத்தில் கண்டறிவதில் நம் தமிழகம் முன்னோடி என்பது பலருக்குத் தெரியாது. சென்னை மருத்துவர் வீ. சேஷையாவும் அவர்தம் குழுவினரும் நடத்திய ஆய்வில், நகரத்துக் கருவுற்ற பெண்களுள் 17.8 விழுக்காட்டினருக்கும், நாட்டுப்புறத்தில் 9.9 விழுக்காட்டினருக்கும் இக்குறை காணப்பட்டது. 2007இல் தமிழக அரசு கருவுற்றோர் அனைவருக்கும் இச்சோதனையைக் கட்டாயமாக்கியது. 2022இல் சேஷையா அவர்களுக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது.

அவர் பரப்பிய சோதனை முறை ஏழை எளியோருக்கு உகந்தது. வெறும் வயிற்றோடு வரவேண்டியதில்லை. 75 கிராம் குளுக்கோசைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, 2 மணி நேரம் கழித்து இரத்தம் கொடுத்தால் போதும். 140 மில்லிகிராம் அல்லது அதற்கு மேல் இருந்தால் கவனிப்புத் தேவை. தொலைவிலுள்ள சிற்றூரிலிருந்து பேருந்தேறி வரும் பெண்ணை, "சாப்பிடாமல் நாளை வா" என்று திருப்பியனுப்பினால் அவள் மீண்டும் வருவாளா? முதல் முறை செல்லும்போதே ஒருமுறையும், 24 முதல் 28 வாரங்களுக்குள் மறுமுறையும் சோதித்துக்கொள்க.

இனி, நம் தட்டுக்கு வருவோம். 100 கிராம் அரிசியில் ஏறக்குறைய 78 கிராம் மாவுச்சத்து உண்டு. அதுவும் வயிற்றில் சர்க்கரையாகவே மாறும். காப்பியில் சர்க்கரையை நிறுத்திவிட்டுச் சோற்றை மலைபோல் குவித்தால் பயன் என்ன? வெல்லமும் கருப்பட்டியும் தேனுங்கூடச் சர்க்கரையை ஏற்றுவனவே. சோற்றைக் குறைத்து, கீரை, காய், பயறு, முட்டை, மீன் ஆகியவற்றைக் கூட்டுங்கள். மூன்று வேளையோடு இடையிடையே சிறிதளவு உண்ணட்டும். மருத்துவர் தடுக்காதவரை நடக்கட்டும். வீட்டார் அனைவரும் அதே உணவை உண்டால், தான் தண்டிக்கப்படுவதாக அவள் எண்ணமாட்டாள்.

தவக்காலத்தில் கருவுற்ற தாய்மார் சிலர் ஒருசந்தி இருக்க முனைகின்றனர். உண்ணா நோன்புக் கடமை கருவுற்றோரையும் நோயுற்றோரையும் கட்டாது என்பது திருச்சபையின் நெடுநாள் போதனை. இன்சுலின் போட்டுக்கொள்ளும் தாய் பட்டினி கிடப்பது ஆபத்து. வேளை தவறாமல் அளவோடு உண்பதே அவளுக்குரிய ஒறுத்தல்.

பிள்ளை பிறந்ததும் பெரும்பாலோருக்குச் சர்க்கரை இறங்கிவிடும். அத்தோடு மறந்துவிடலாகாது. பின்னாளில் நீரிழிவு வரும் வாய்ப்பு இவர்களுக்கு மிகுதி. ஆறு வாரம் கழித்து ஒருமுறையும், அதன்பின் மருத்துவர் கூறும் காலங்களிலும் சோதிக்க வேண்டும். பிள்ளைக்குத் தடுப்பூசி போட அழைத்துச் செல்லும் கணவன்மாரே, அந்த நாளில் உங்கள் மனைவியின் சோதனையையும் நினைவூட்டி முடித்து வாருங்கள்.