வெந்நீர் தொட்டிக்கு அரை இஞ்ச் பைப்பு போதுமா?

காற்றுக் குழாயை அடைத்தால் டேங்க் நசுங்கிவிடும்!

ஜவ்வாது மலையில் மார்கழி, தை மாதக் குளிர் சும்மா விடாது. மேகம் இல்லாத இரவில் தரையின் சூடு வானத்துக்குப் போய்விடுகிறது. விடியற்காலையில் தொட்டித் தண்ணீரில் கை வைக்க முடியாது.

காவலூரில் 1986-ம் ஆண்டு ராஜீவ் காந்தி திறந்துவைத்த 93 அங்குல தொலைநோக்கிக்கு வேண்டியதும் இதே தெளிந்த வானம்தான். பகலில் அதே வானம் வெயிலையும் அள்ளிக் கொடுக்கிறது. மாடியில் சூரிய வெந்நீர் தொட்டி வைத்தால் நல்ல பலன் உண்டு.

ஆனால் டேங்கைப் பார்த்துப் பார்த்து வாங்குகிறவர்கள், பைப்பு விஷயத்தில் "ஏதோ ஒண்ணு போடுப்பா" என்று சொல்லிவிடுகிறார்கள். வம்பு அங்கேதான் ஆரம்பம்!

300 கிராம்தான்

மேல் தொட்டியில் இருந்து தானாக இறங்கும் தண்ணீருக்கு வேகம் குறைவு. 10 அடி உயரம் இருந்தால், சதுர சென்டி மீட்டருக்கு சுமார் 300 கிராம் அழுத்தம்தான் கிடைக்கும்.

எனவே வெந்நீர் டேங்குக்குள் தண்ணீர் வரும் பைப்பு 1 இஞ்ச் இருப்பது நல்லது. அரை இஞ்ச் பைப்பைவிட அதில் 5 மடங்குக்கு மேல் தண்ணீர் வரும். எல்போவைக் குறைத்து பெண்டு போடவேண்டும். வால்வு, முழு வாய் திறக்கும் பால் வால்வாக இருக்கட்டும்.

அப்படியானால் குளியல் அறை வரைக்கும் 1 இஞ்ச் போடலாமா? கூடாது. 10 மீட்டர் நீளத்துக்கு 1 இஞ்ச் பைப்பில் கிட்டத்தட்ட 5 லிட்டர் தண்ணீர் நிற்கும். அது ஆறிப்போய் இருக்கும். அத்தனையும் வெளியே போன பிறகுதான் சூடு வரும். அரை இஞ்ச் பைப்பில் நிற்பது 2 லிட்டருக்கும் குறைவு. ஆக, டேங்க் வரை தடிமன், குழாயடிக்கு ஒல்லி!

சாதாரண பி.வி.சி. பைப்பு 60 டிகிரி சூட்டுக்கு மேல் இளகிவிடும். வெந்நீருக்கு சி.பி.வி.சி. அல்லது ஜி.ஐ. பைப்புதான் சரி.

3 லிட்டர் எங்கே போகும்?

200 லிட்டர் தண்ணீர் 20 டிகிரியில் இருந்து 60 டிகிரிக்குச் சூடானால், சுமார் 3 லிட்டர் பெருகும். அதற்கும் ஆவிக்கும் வழிவிடத்தான், "ஏர் பைப்பு" என்று பிளம்பர்கள் சொல்லும் காற்றுக் குழாய் இருக்கிறது.

தண்ணீர் வழிகிறதே என்று சிலர் அதில் மூடி போட்டுவிடுகிறார்கள். ஆபத்து! சூடு ஏறினால் டேங்க் உப்பும். கீழே குழாயைத் திறந்தால், உள்ளே காற்று புகாமல் தகடு நசுங்கும். தண்ணீர் வரும் பைப்பும் அரை இஞ்ச் என்றால் கேட்கவே வேண்டாம்.

வழிந்தால் குழாயை உயர்த்தவேண்டும். மேல் தொட்டியின் தண்ணீர் மட்டத்தைவிட ஒரு அடியாவது உயரமாக இருக்கட்டும். நடுவில் வால்வு வைக்கக்கூடாது. குளவி கூடு கட்டாமல் இருக்க, நுனியைக் கீழ்ப்பக்கம் வளைத்து வலை கட்டலாம்.